ஒரு விரல் காற்று

27 மே 2025, செவ்வாய்

இந்த டைரி, டயர் டீலர் பொங்கலுக்குக் கொடுத்தது. நாலு மாதமாகக் கடையில் ஸ்பேனர் பெட்டிக்கு அடியில் கிடந்தது. இன்று அதற்கு வேலை வந்துவிட்டது.

என் மனைவி சொர்ணவல்லிக்கு வலது பக்கம், உட்காரும் எலும்பு இருக்கும் இடத்தில் ஒரு கறுப்பு. ஒரு ரூபாய் நாணயம் அளவு. ஞாயிற்றுக்கிழமை கைக்கண்ணாடி வைத்து அவளேதான் பார்த்தாள். ஏழு வருடத்துக்கு முன் மாடியில் தண்ணீர்த் தொட்டி கழுவப் போய் விழுந்ததிலிருந்து இடுப்புக்குக் கீழே அவளுக்கு உணர்வு கிடையாது. முள் குத்தினாலும் தெரியாது. கண்தான் காவல்.

வீட்டுக்கு வந்து பயிற்சி கொடுக்கும் பிசியோதெரபிஸ்ட் ஷர்லி இன்று வந்தாள். தொட்டுப் பார்த்தாள். "நம்ம தோலுக்குச் செவப்பா தெரியாதுண்ணே, கறுத்துதான் தெரியும். தொட்டுப் பாருங்க, சூடா இருக்கா? ஒரே எடத்துல அழுத்தம் விழுந்து ரத்தம் ஓடல. இப்ப கவனிச்சா போயிரும். ஒடஞ்சு புண்ணாச்சுன்னா ஆறு வாரம் குப்புறப் படுக்கணும்" என்றாள்.

ஆறு வாரமா! ஜூன் 23 சொர்ணம் வேலையில் சேர வேண்டிய நாள். இளநிலை உதவியாளர், இதே கீரனூரில், நம் கடையிலிருந்து ரெண்டு கிலோமீட்டர். அஞ்சு வருடம் படித்து, நாலு தடவை பரீட்சை எழுதி வாங்கிய ஆர்டர். அதைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறாள்.

வீல்சேரில் இத்தனை நாள் போட்டிருந்த ஃபோமைத் தூக்கிக் காட்டினாள் ஷர்லி. தோசை மாதிரி ஆகியிருந்தது. நல்ல குஷன் வாங்கணும், தினமும் சாயங்காலம் தோலைப் பார்த்து எழுதணும், குஷனை என்ன செய்தாலும் அதையும் எழுதணும் என்று சொல்லிவிட்டுப் போனாள். எழுதிவிடலாம். எனக்கு எழுத்து அழகாக வரும்.

தோல்: கறுப்பு, சூடு.

28 மே, புதன்

குஷன் வாங்குவதற்கு எதற்குத் திருச்சி வரைக்கும் போக வேண்டும்? இருபத்திரண்டு வருடமாகப் பஞ்சர் கடை வைத்திருப்பவன் வீட்டில் காற்றுக்கா பஞ்சம்? ஒரு ஸ்கூட்டர் டியூபை எடுத்து அளவு பார்த்து வெட்டி, சொல்யூஷன் போட்டு ஒட்டி, வட்டமாக ஒன்று செய்தேன். நடுவில் ஓட்டை. எலும்பு ஓட்டைக்குள் போய்விடும், எதிலும் படாது. மேலே சொர்ணத்தின் பழைய சுங்குடிப் புடவையில் உறை. தைத்ததும் நானே.

சொர்ணம் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "கடையில போர்டு மாத்திருவோமா? பெரியண்ணன் டயர் அண்டு ஆஸ்பத்திரின்னு?" என்றாள்.

சிரிக்கட்டும்.

30 மே, வெள்ளி

டியூப் போச்சு. ஷர்லி பார்த்த உடனே உருவி எடுத்துவிட்டாள். வட்டத்தின் விளிம்பு சுற்றிலும் அழுத்தினால் நடுவில் ரத்தம் போகவே போகாதாம். "மெடிக்கல் ஷாப்ல விக்கிற வட்ட டியூபையே வாங்காதீங்கங்கறேன். நீங்க அதையே செஞ்சு வச்சிருக்கீங்க!" என்று தலையில் கை வைத்தாள்.

சரி. உறை மட்டும் நன்றாக இருந்தது என்று அவளே ஒப்புக்கொண்டாள்.

தோல்: அப்படியே.

2 ஜூன், திங்கள்

திருச்சி. கடையைப் பூட்டிவிட்டு நானும் சொர்ணமும் வேன் பிடித்துப் போனோம். வீல்சேர் கடைக்காரர் ஆனந்தராஜ் நல்ல மனுஷன். மேசை மேல் மூன்று குஷனை வைத்தார்.

முதலாவது ஃபோம். கையை மடக்கி முட்டியால் அமுக்கினேன், அடியில் பலகை இடித்தது. ஒரு வருடத்தில் இதுவும் தோசைதான். ரெண்டாவது ஜெல். உட்கார்ந்தால் குளுகுளுவென்று இருக்கும் போல. ஆனால் தூக்கிப் பார்த்தேன், கனம். நம் ஊர் வெயிலில் ஸ்கூட்டரில் வைத்துவிட்டுப் போனால் ஜெல் சுட்டுவிடும் என்று அவரே சொன்னார். மூன்றாவது காற்றுக் குஷன். கறுப்பு ரப்பரில் வரிசை வரிசையாகக் குமிழ், கத்தரி நட்ட பாத்தி மாதிரி. ஓரத்தில் ஒரு வால்வு. பார்த்ததும் எனக்குப் பிடித்துப் போயிற்று. பஞ்சர் ஆனால் என்ன செய்வீங்க என்று கேட்டார். என்னிடம்!

ஆனால் நான் சொல்லி அவள் எடுக்கவில்லை. அவள் ஒவ்வொன்றையும் ஒரு கையால் தூக்கிப் பார்த்தாள். மறு கையால் வீல்சேரின் பிடியைப் பிடித்துக்கொண்டாள். "ஆபீசுல ஸ்கூட்டர்லேருந்து எறங்கி நானே எடுத்துப் போட்டுக்கணும். யாரையும் கூப்புட மாட்டேன். இதுதான் என் கைக்கு வருது" என்று காற்றுக் குஷனைத் தொட்டாள். முடிந்தது.

அப்புறம் ஆனந்தராஜ் அவளை அதில் உட்கார வைத்து, காற்றை எப்படி அளவு வைப்பது என்று ஆரம்பித்தார். கொல்லன் தெருவில் ஊசி விற்கிற கதை. நான் வெளியே போய் டீ குடித்தேன். திரும்பி வந்தபோது "அளவு வச்சாச்சு, மாத்திராதீங்க" என்று சொர்ணத்திடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

3 ஜூன், செவ்வாய்

காலையில் அவள் எழுவதற்கு முன் குஷனைத் தட்டிப் பார்த்தேன். தொளதொளவென்று இருக்கிறது. இதையா அளவு வைத்தார் அந்த மனுஷன்? டயராக இருந்தால் ரிம் தரையில் இடித்திருக்கும். கூடவே கொடுத்த கைப் பம்பில் ஆறு அடி அடித்தேன். நன்றாக நின்றது.

தோல்: கறுப்பு கொஞ்சம் வெளுத்திருக்கிறது. காற்று: ஆறு அடி.

5 ஜூன், வியாழன்

தோல்: வலது பக்கம் தெளிவு. தெளிவேதான்! சொர்ணம் செல்போனில் படம் எடுத்து மூன்று தடவை பார்த்தாள்.

காற்று: காலையில் நாலு அடி. காற்று இறங்காத டியூப் உலகத்தில் கிடையாது. இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

6 ஜூன், வெள்ளி

மேசையில் முட்டி இடிக்கிறது என்றாள். "நான் ஒசந்துட்டனா?" ஆபீசர் ஆகப் போறவ ஒசராம என்ன என்றேன். காற்று: நாலு அடி.

8 ஜூன், ஞாயிறு

ஒரு நாள் முழுக்க உட்கார முடியுமா என்று பார்க்க வேண்டாமா? கொடும்பாளூர் போய் வரலாம் என்றாள் சொர்ணம். மூவர் கோயில் புல்வெளியில் வீல்சேர் உருளும், நிழலும் உண்டு. அவள் பக்கச் சக்கரம் வைத்த தன் ஸ்கூட்டரில், நான் வீல்சேரை மடித்து ஆட்டோவில் போட்டுக்கொண்டு பின்னால்.

தூரப் பயணத்துக்கு முன் எந்த வண்டிக்கும் ரெண்டு பாயிண்ட் கூடப் பிடிக்க வேண்டும். இது சட்டம். பத்து அடி அடித்தேன். விரலால் சுண்டினால் தவில் மாதிரி சத்தம்.

நல்ல நாள். ஆபீசில் முதல் நாள் என்ன புடவை என்பதில் இருந்து யாரிடம் எப்படிப் பேசுவாள் என்பது வரைக்கும் எனக்கு ஒத்திகை காட்டினாள். புளியோதரை சாப்பிட்டோம். ரெண்டு தடவை ஒரு பக்கமாகச் சாய்ந்து, பிடியைப் பிடித்துக்கொண்டாள். "ஆடுதுங்க" என்றாள். புதுசுதானே, பழகிவிடும் என்றேன்.

சாயங்காலம் வந்து பார்த்தால்.

தோல்: வலது கறுப்பு. இடது பக்கமும் கறுப்பு. ரெண்டும் சூடு.

9 ஜூன், திங்கள்

வலதில் கறுப்பு பத்து ரூபாய் நாணயம் அளவு. விரலால் அமுக்கினால் நிறம் மாறவில்லை. உள்ளே கட்டியாக இருக்கிறது.

காலையில் எட்டு அடி அடித்தேன். காற்று பத்தாமல்தான் இடித்திருக்க வேண்டும்.

10 ஜூன், செவ்வாய்

ஆனந்தராஜுக்குப் போன் போட்டு நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டேன். "சார், காத்து…" என்று ஆரம்பித்தார். "காத்தப் பத்தி எங்கிட்டப் பேசாதீங்க. ஒங்க குஷன் சரியில்ல!" என்று வைத்துவிட்டேன். ஜெல்லை வாங்கியிருக்க வேண்டும். இல்லை என்றால் அந்த ஃபோம். நான் விட்டிருக்கவே கூடாது.

சொர்ணம் சாமி படத்துக்குப் பக்கத்தில் இருந்த ஆர்டரை எடுத்துத் தேதியைப் பார்த்தாள். பார்த்துவிட்டு அங்கேயே வைத்தாள்.

காற்று: ஆறு அடி.

12 ஜூன், வியாழன்

எழுதத்தான் வேண்டும். எழுதுகிறேன்.

ஷர்லி பதினொரு மணிக்கு வந்தாள். தோலைப் பார்த்தாள், முகம் மாறியது. "நோட்டு எங்கண்ணே?" என்றாள். எடுத்துக் கொடுத்தேன். தினமும் ஒழுங்காக எழுதியிருக்கிறேனே, பாராட்டுவாள் என்று நினைத்தேன். அவள் வாய் விட்டே படித்தாள். "காத்து ஆறு அடி… நாலு அடி… நாலு அடி… பத்து அடி…" நிறுத்தினாள். "அண்ணே, இது என்னது?"

சொர்ணம் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவளுக்கு இது தெரியாது. அவள் எழுவதற்கு முன்னாலேயே அடித்துவிடுவேன், குடத்தில் தண்ணீர் பிடித்து வைப்பது மாதிரி. இதைப் போய்ச் சொல்லிக்காட்டுவார்களா?

"காத்து கொறைஞ்சிருந்துச்சு, அடிச்சேன்" என்றேன்.

ஷர்லி கோபப்படவில்லை. சொர்ணத்தை ஒரு நிமிடம் மட்டும் குஷனில் உட்கார வைத்தாள். "கையை உள்ள விடுங்கண்ணே. அக்காவோட எலும்புக்கும் குஷனோட அடிக்கும் நடுவுல."

விட்டேன். குமிழ் ஒவ்வொன்றும் கல்லாக நின்றது. அவள் எலும்பு அதன் உச்சியில் உட்கார்ந்திருந்தது, பாறை மேல் பாறை மாதிரி. தொடையெல்லாம் தூக்கிக்கொண்டு எதிலும் படாமல் இருந்தது. மொத்த உடம்பும் ரெண்டே ரெண்டு புள்ளியில். பத்து நாளாக அங்கேதான் உட்கார்ந்திருந்தாளா?

ஷர்லி வால்வைத் திறந்தாள். உஸ்ஸென்று காற்று போகப் போகச் சொர்ணம் மெதுவாக இறங்கினாள். எலும்பு என் விரலைத் தேடி வந்தது. குமிழ்கள் சுற்றிலும் எழும்பித் தொடையைப் பிடித்துக்கொண்டன. "போதும், இங்க நிறுத்தணும். எலும்புக்குக் கீழ ஒரு விரல் கனம் காத்து. கூடவும் கூடாது, கொறையவும் கூடாது. ஆளு உள்ள முங்கணும்ணே, மேல மெதக்கக் கூடாது. வெறும் குஷனைத் தட்டிப் பாத்து இது தெரியாது. அக்கா உக்காந்திருக்கையிலதான் பாக்கணும்."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. இருபத்திரண்டு வருசமா நான் பாக்காத காத்தா? எத்தனை லாரி, எத்தனை பஸ்ஸு, ஒரு ஆள் வந்து ஒரு கொறை சொல்லியிருப்பானா? இப்படி என்னென்னவோ கத்தினேன். கத்தி முடிந்ததும் அறையில் காற்று போகிற அந்தச் சத்தம் மட்டும் காதில் நின்றது.

தோல் இன்னும் உடையவில்லை. மறையும் வரை உட்காரவே கூடாது, குப்புறத்தான். வேலையில் சேரப் பதினொரு நாள் இருக்கிறது.

ஷர்லி போன பிறகு சொர்ணம் சொன்னாள்: "எனக்குத்தான் கீழ ஒன்னும் தெரியாது. ஒங்களுக்குக் கை இருக்குல்ல? ஒரு தடவ உள்ள விட்டுப் பாத்திருக்கலாம்ல? இல்ல, எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல?"



13 ஜூன், வெள்ளி

கடை திறக்கவில்லை.

14 ஜூன், சனி

குப்புறப் படுத்துக்கொண்டு ஆபீஸ் நடைமுறைப் புத்தகம் படிக்கிறாள். நெஞ்சுக்குக் கீழே தலையணை. முழங்கை வலிக்கும்போது நான் பிடித்துவிட்டேன். அதற்கு மட்டும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

ஆனந்தராஜுக்குப் போன் போட்டு மன்னிப்புக் கேட்டேன். சிரித்தார். "முக்காவாசிப் பேரு இதத்தான் செய்றாங்க சார். நீங்க கொஞ்சம் தொழில் முறையா செஞ்சிருக்கீங்க" என்றார். அந்தச் சிரிப்பையும் வாங்கிக்கொண்டேன்.

பம்பைச் சொர்ணத்திடம் கொடுத்தேன். வாங்கித் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

தோல்: சூடு குறைந்திருக்கிறது. அவள் படம் எடுத்துக் காட்டினாள், நான் எழுதுகிறேன்.

16 ஜூன், திங்கள்

டிராக்டர் ஓட்டும் ராக்கன் பஞ்சருக்கு வந்தான். மூன்று நாள் எங்கே போனாய் என்றான். வேறு யாரிடமும் சொல்லியிருக்க மாட்டேன். அவனிடம் சொன்னேன்.

யானைக்கும் அடி சறுக்கும் என்பான், சிரிப்பான் என்று பார்த்தால், அவன் பீடியைக் காதில் செருகிக்கொண்டு யோசித்தான். "ஏண்டா, சேத்துல உழவுக்கு எறங்கும்போது காத்த எறக்கித்தானே ஓட்டுறேன்? நெறைய இருந்தா டயரு புதையும், கொறைச்சா பரந்து நிக்கும். வருசா வருசம் நீதானே எறக்கி விடுற?"

கையில் இருந்த, டயர் நெம்பும் லிவரை அப்படியே கீழே வைத்தேன்.

ஆமாம்! நான்தான் இறக்கி விடுகிறேன். தார் ரோட்டுக்கு ஒரு காற்று, சேற்றுக்கு ஒரு காற்று. தரை மெத்தென்று இருந்தால் காற்றும் குறைவாக இருக்க வேண்டும். இது எனக்குத் தெரியாத சங்கதியே இல்லை. சொர்ணத்தின் தோல் தார் ரோடு இல்லை என்பதைத்தான் மறந்துவிட்டேன்.

வீட்டுக்கு ஓடிப்போய் அவளிடம் சொன்னேன். தலையணையில் கன்னத்தை வைத்தபடி கேட்டாள். "அப்ப நான் சேறுங்கிறீங்க" என்றாள். நாலு நாளைக்குப் பிறகு இன்றுதான் சிரித்தாள்.

தோல்: இடது தெளிவு. வலது இன்னும் கறுப்பு, கட்டி இளகியிருக்கிறது.

18 ஜூன், புதன்

தோல்: வலது, மங்கல்.

எனக்குச் சந்தேகம் இல்லை, போய்விடும். அவளுக்கும் இல்லை. இன்று புடவையை இஸ்திரிக்குக் கொடுக்கச் சொன்னாள்.

20 ஜூன், வெள்ளி

ஷர்லி அமுக்கிப் பார்த்தாள். நிறம் மாறித் திரும்பி வந்தது. சூடு இல்லை. "நாளைக்கு ஒரு மணி நேரம், நாளான்னைக்கு மூணு மணி நேரம். ஒவ்வொரு தடவையும் எறங்கித் தோலப் பாருங்க. திங்கக்கெழம சேருங்கக்கா. மத்தியானம் அரை மணி ஒருக்களிச்சுப் படுக்க ஒரு எடம் கேளுங்க. அரை மணிக்கு ஒரு தடவ கைய ஊனி ஒடம்பத் தூக்கிருங்க" என்றாள்.

காற்றை இந்தத் தடவை சொர்ணமே வைத்தாள். உட்கார்ந்து, பக்கவாட்டில் தன் கையை உள்ளே விட்டு, மறு கையால் வால்வைத் திறந்து, கண்ணை மூடிக்கொண்டு. "இப்ப" என்று அவளே சொல்லி அவளே மூடினாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். "இங்கிட்டு வாங்க. சரியான்னு பாருங்க."

கையை விட்டேன். எலும்பு. அதன் கீழே ஒரு விரல் காற்று. அதற்குக் கீழே குஷனின் அடி.

சரி என்றேன். அழுகை வந்தது. அதையும் எழுதிவிடுகிறேன், நோட்டு என்றால் எல்லாமும்தான்.

22 ஜூன், ஞாயிறு

மூன்று மணி நேரம். தோல்: தெளிவு.

23 ஜூன், திங்கள்

சேர்ந்துவிட்டாள்.

ஆபீஸ் வாசலில் ஸ்கூட்டரை நிறுத்தினாள். நான் வீல்சேரை விரித்துப் பிடித்தேன், அவ்வளவுதான். குஷனை ஒரு கையால் எடுத்துப் போட்டாள், வால்வு முன்பக்கம் இடது ஓரம். கையால் தன்னைத் தூக்கி மாற்றி உட்கார்ந்தாள். சரிவுப் பாதையில் அவளே ஏறினாள்.

உள்ளே பரிமளா என்று ஒரு மேடம், அதே செக்‌ஷன், ரொம்ப அன்பு. "அய்யோ, ரப்பர் சூடு ஏறுமேம்மா" என்று தன் நாற்காலியில் இருந்த துண்டை நாலாக மடித்துச் சொர்ணத்துக்குக் கீழே விரிக்க வந்தார். நான் வாயைத் திறந்தேன். அதற்குள் சொர்ணம் சிரித்துக்கொண்டே, "வேணாம் மேடம். மேல துணிய மடிச்சுப் போட்டா இது வேலை செய்யாது. இதுக்கு ஒரு கணக்கு இருக்கு, மத்தியானம் சொல்றேன்" என்றாள். பிறகு என்னைப் பார்த்து, "நீங்க கடைக்குப் போங்க" என்றாள்.

வந்துவிட்டேன். அரை மணிக்கு ஒரு தடவை கடிகாரத்தைப் பார்த்தேன். தூக்கியிருப்பாளா? தூக்கியிருப்பாள்.

சாயங்காலம், தோல்: லேசான நிறம். முக்கால் மணியில் போய்விட்டது. தெளிவு.

27 ஜூன், வெள்ளி

அஞ்சு நாள். அஞ்சும் தெளிவு. இதற்குள் ஆபீசில் மின்விசிறி எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்பது வரைக்கும் தீர்மானித்துவிட்டாளாம்.

14 ஜூலை, திங்கள்

காலை எட்டு மணிக்கே செங்கல் லாரி, பின்பக்கம் ரெண்டு டயரும் போய் நின்றது. நான் ஜாக்கிக்குப் பக்கத்தில் தரையில் படுத்துக் கிடந்தேன், கையெல்லாம் கிரீஸ். ஒன்பதரை ஆகிவிட்டது தெரியவில்லை. ஹாரன் சத்தம் கேட்டுத் தலையைத் தூக்கினேன். ஸ்கூட்டரில் சொர்ணம். இப்போது இன்னொரு வீல்சேரை ஆபீசிலேயே வைத்துவிட்டோம், குஷன் மட்டும் முன்னால் பையில். வீட்டில் அதில் உட்கார்ந்து அவளே அளவு பார்த்து எடுத்து வந்திருக்க வேண்டும். நான் இன்று தொடவே இல்லை.

"போயிட்டு வாரேன்" என்றாள்.

"காத்து?" என்று கத்தினேன்.

ஹேண்டில்பாரில் இருந்து ஒரு கையை எடுத்தாள். ஒரு விரலைத் தூக்கிக் காட்டினாள். போய்விட்டாள்.

லாரி டிரைவர் என்னைப் பார்த்து, "என்னண்ணே, அக்கா ஒரு நிமிசத்துல வாரேங்கிறாங்களா?" என்றான். இல்லப்பா, சாயங்காலம்தான் வருவா என்றேன்.

தோல்: தெளிவு. காற்று: ஒரு விரல்.